பத்துக்கு ஒன்று தேறும்

என் டிபன் பாக்ஸ் மூடியில் இன்னும் ஒரு பார்கோடு லேபிள் ஒட்டியிருக்கிறது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் உரியாத நல்ல பசை. அலுவலக ஃப்ரிட்ஜில் எல்லோருடைய டப்பாவும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், அடையாளத்துக்காக நானே ஒட்டியது. அந்த ஒரு லேபிளால் முப்பத்தொரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பயந்த சுபாவம். கேஸை மூடினேனா என்று லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு மறுபடி லிஃப்ட் வரை போனதும், பார்த்தது இன்றைக்கா நேற்றா என்று சந்தேகம் வரும். என் கணவர், "உனக்குக் கவலை இல்லைன்னா அதுக்கும் ஒரு கவலை" என்பார். அவருக்கென்ன, அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் கவலைப்படுகிறேன்.

வீடு அஜ்மானில், வேலை ஜெபல் அலியில். அஜ்மானில் வாடகை குறைவு என்று போனோம். பதிலுக்குத் தினமும் மூன்று மணி நேரம் சாலையில் உட்கார்ந்திருக்கிறேன். கார் லிஃப்ட்தான். ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டு போகிற வண்டி. ஓட்டுகிறவர் பெஷாவர்க்காரர். நான் இரண்டு நிமிடம் தாமதமாக இறங்கினாலும் "பாஜி, ஜல்தி, ஜல்தி", அக்கா சீக்கிரம் சீக்கிரம், என்று ஹார்ன் அடித்துக் கட்டடத்தையே எழுப்பிவிடுவார்.

நான் வேலை பார்ப்பது சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில், டாக்குமெண்டேஷன் பிரிவில். எந்தப் பெட்டி எந்தக் கண்டெய்னரில் எந்த நாட்டுக்குப் போகிறது என்று காகிதம் போடுகிற வேலை. அப்படி ஒரு வேலையாகத்தான் அந்தத் தீவு எங்களிடம் வந்தது.

பசிபிக் கடலில் ஒரு சின்ன நாடு. நிறையத் தீவுகள், கொஞ்சம் ஜனங்கள். அவர்களுடைய தபால் துறையைச் சரிசெய்து கொடுக்கப் பல நாடுகள் கூடித் திட்டம் போட்டிருந்தன. ஒரு நாடு ஸ்கேனர் கொடுத்தது, இன்னொன்று கம்ப்யூட்டர், இன்னொன்று எடை மெஷின், மற்றொன்று தபால் எடுத்துப் போக பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிகள். மென்பொருளும் பயிற்சியும் ஒரு சர்வதேச அமைப்பின் பொறுப்பு. எல்லாமும் ஒவ்வொரு திசையிலிருந்து ஜெபல் அலிக்கு வந்து, எங்கள் கிடங்கில் ஒரே கண்டெய்னரில் ஏறி, அங்கே போக வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இப்போதெல்லாம் வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போவதற்கு முன்னால், அதற்குள் என்ன இருக்கிறது, யாருக்குப் போகிறது என்ற தகவல் கம்ப்யூட்டர் வழியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். தகவல் இல்லாத பார்சலைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. அந்தத் தீவின் தபால் நிலையத்தில் இருந்ததே இரண்டு கம்ப்யூட்டர். அதில் ஒன்று ஓடாது. ஆகவே அவர்கள் அனுப்பிய பார்சல்களெல்லாம் மாதக்கணக்கில் கடல் சுற்றிவிட்டு அனுப்பியவரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தன.

இதை எனக்குச் சொன்னது அந்த நாட்டின் பார்சல் பிரிவுக்குப் பொறுப்பான அம்மாள். நான்கு நாள் பயிற்சிக்காகத் துபாய் வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவது, சாப்பாடு, ஓட்டல் எல்லாம் என் தலையில் விழுந்தது. ஐம்பது வயதிருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் எடை சொல்லுவார். என் கைப்பையைத் தூக்கிப் பார்த்து, "ஒரு கிலோ எண்ணூறு. இவ்வளவு எதற்கு?" என்றார். நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். அன்று வீட்டுக்குப் போய்ச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ எழுநூற்றுத் தொண்ணூறு.

"உன் வீட்டுக்குத் தபால்காரர் வருவாரா?" என்று கேட்டார்.

"வரமாட்டார். கம்பெனி பி.ஓ. பாக்ஸுக்குத்தான் எல்லாம் வரும். என் வீட்டுக்கு அடையாளம் சொல்வதென்றால் இன்ன சூப்பர் மார்க்கெட்டுக்குப் பின்னால் என்றுதான் சொல்ல வேண்டும்."

அவருக்கு ஒரே சிரிப்பு. "எங்களுக்கும் அப்படித்தான். சர்ச்சுக்குப் பின்னால், ரொட்டி மரத்துக்குப் பக்கத்தில். இவ்வளவு பெரிய கட்டடங்களைக் கட்டிவிட்டு நீங்களும் எங்களை மாதிரிதானா!" அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் சிநேகிதிகளானோம்.

ஊருக்குக் கிளம்புகிற அன்றுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் செய்தி பரவுவது வானொலியில். குறிப்பிட்ட மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து பார்சல் போகும், திரும்பி வராது என்று அவரே வானொலியில் பேசி அறிவித்துவிட்டிருந்தார். "வெளித் தீவுகளிலிருந்து படகில் வருவார்கள். ஐந்து மணி நேரம், ஏழு மணி நேரம். இரண்டு தடவை பார்சல் திரும்பி வந்தவர்கள், மூன்றாம் தடவை என் வார்த்தையை நம்பி வருகிறார்கள்" என்றார்.

"கண்டெய்னர் அதற்கு முன்னால் வந்துவிடும்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். பார்சலில் ஒட்டுகிற பார்கோடு லேபிள் மட்டும் எந்த நாட்டின் பங்கிலும் இல்லை, எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் ஞாபகம் வந்து, இங்கேயே அச்சடித்துக் கண்டெய்னரில் ஏற்றுங்கள் என்று எங்கள் மேலாளரிடம் சொன்னார்கள். மேலாளர் மும்பைக்காரர். எதையும் நின்று கேட்கிற பொறுமை கிடையாது. "நீ பார்த்துக்கொள், யல்லா, சீக்கிரம்" என்று கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அஜ்மான் தொழிற்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அச்சகம் இருந்தது. நடத்துகிறவர் திருநெல்வேலிக்காரர். எங்கள் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் புத்தகம், கேட் பாஸ், ரசீது எல்லாம் அவரிடம்தான். இந்த ஊரில் எதற்கும் ஒரு சீரியல் நம்பர் உண்டு. ஒன்று முதல் ஆயிரம் வரை, அடுத்த புத்தகம் ஆயிரத்தொன்று முதல். பத்து வருடமாக நான் அவரிடம் சொல்லி வந்தது இரண்டே விஷயம்தான், ஆரம்ப நம்பரும் எத்தனை வேண்டும் என்பதும்.

அன்றும் அதையேதான் சொன்னேன். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக்கு இரண்டு எழுத்து. இருபதாயிரம் லேபிள்.

"பில் புக்கு மாதிரிதான மேடம்?" என்றார்.

"அதேதான் அண்ணாச்சி. தொடர்ச்சியா போட்டுருங்க."

"ஸ்டார்டிங் நம்பர அனுப்பிருங்க. மெஷின் பாட்டுக்கு ஓடிரும்."

ஆரம்ப நம்பரைத் திட்டக்காரர்கள் அனுப்பியிருந்தார்கள், கூடவே விதிமுறைகள் அடங்கிய ஒரு நீண்ட கோப்பும். நான் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். அந்த மூன்று வாரமும் எனக்கு வேறு தலைவலி. கொடுக்கிற நாடுகள் ஒவ்வொன்றுக்கும் பெட்டிகளின் மேல் தங்கள் கொடி ஒட்டப்பட வேண்டும். யாருடைய கொடி மேலே, யாருடையது கீழே, எத்தனை சென்டிமீட்டர் என்று மூன்று கூட்டம் போட்டார்கள். ஒரு நாட்டுக் கொடி மற்றதைவிட அரை சென்டிமீட்டர் அகலமாகிவிட்டது என்று புகார் வந்து, அத்தனையையும் உரித்து மறுபடி ஒட்டினோம். லேபிளின் மாதிரி வந்தபோது திட்டத்தின் தொழில்நுட்ப ஆள் முதல் லேபிளை ஸ்கேன் செய்தார். பீப் என்றது, பச்சை விளக்கு எரிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். மாதிரியில் மிச்சமிருந்த துண்டிலிருந்து ஒன்றைக் கிழித்து டிபன் பாக்ஸில் ஒட்டினேன்.

கண்டெய்னர் கப்பல் ஏறிப் புறப்பட்டது. போய்ச் சேர ஆறு வாரம், நடுவில் ஒரு துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற வேண்டும்.

மறுநாள் அந்தத் தீவின் தபால் ஊழியர்களுக்கு வீடியோவில் பயிற்சி வகுப்பு. கூட்டத்தை ஏற்பாடு செய்தவள் என்பதால் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பயிற்சி கொடுத்தவர், "ஏதாவது ஒரு பார்சல் நம்பர் சொல்லுங்கள், உள்ளிட்டுக் காட்டுகிறேன்" என்றார். அவர்களிடம் இன்னும் லேபிள் இல்லை. நான்தான் முந்திரிக்கொட்டையாக என் டிபன் பாக்ஸை எடுத்து அதிலிருந்த நம்பரைப் படித்தேன்.

திரையில் சிவப்பு. செல்லாத எண்.

"தப்பாகப் படித்திருப்பீர்கள். பரவாயில்லை, இதையும் தெரிந்துகொள்ளலாம்" என்றார் அவர். "ஒன்பதாவது இலக்கம் சும்மா போடுவது இல்லை. முன்னாலிருக்கிற எட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஒரு இலக்கம் மாறினாலும் கணினி பிடித்துவிடும்." அப்புறம் அவரே ஒரு நம்பரை உருவாக்கிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.

நான் தப்பாகப் படிக்கவில்லை. மூடியைக் கண்ணருகே வைத்து மறுபடி படித்தேன். அந்த நீண்ட கோப்பைத் திறந்து பதினான்காம் பக்கத்துக்குப் போனேன். தெள்ளத் தெளிவாக எழுதி, கட்டம் கட்டிக் காட்டியிருந்தார்கள். கடைசி இலக்கத்தைத் தொடர் எண்ணாக ஓட்டக் கூடாது. நான் பில் புத்தகம் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டச் சொல்லியிருந்தேன். ஸ்கேன் செய்து பார்த்த முதல் நம்பர் அவர்களே கொடுத்தது. அது சரியாகத்தான் இருக்கும். அதற்கு அடுத்தது தப்பு, அதற்கடுத்ததும் தப்பு. வகுப்பு முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மேலாளரின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. அந்தப் பத்தடியை என்னால் நடக்க முடியவில்லை.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். போன வருடம் எங்கள் பிரிவில் ஒருவர் ஒரு காகிதத்தில் சரக்கின் குறியீட்டைத் தவறாகப் போட்டுவிட்டார். கண்டெய்னர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாரக்கணக்கில் கிடந்தது. அந்த மாதமே அவருக்குக் கேக் வெட்டி, கை தட்டி, அனுப்பிவைத்தார்கள். அவர் பிள்ளைகளைப் பள்ளி ஆண்டின் நடுவில் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனார். அந்தக் கேக்கில் நானும் ஒரு துண்டு தின்றேன். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று பேருக்கும் விசா என் வேலையின் பேரில். ஏனென்றால் கணவரின் கம்பெனி ஆட்களைக் குறைத்து, அவரை அவ்வப்போது கூப்பிடுகிற கான்ட்ராக்டில் வைத்திருந்தது. மகள் பரீட்சை அட்டவணையை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். பால் எடுக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

ஆகவே சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், வியாழக்கிழமை மேலாளர் நல்ல மனநிலையில் இருப்பார், கொடி விவகாரம் முடியட்டும், இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கு. அதற்குப் பதில் கப்பலைப் பார்த்தேன். போனில் ஒரு செயலி உண்டு. உலகத்தில் எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று சின்னப் புள்ளியாகக் காட்டும். காலையில் கார் லிஃப்டில் ஏறியதும் பார்ப்பேன். மதியம் பார்ப்பேன். புள்ளி ஒரு நகக்கண் அளவு நகர்ந்திருக்கும். புயல் வந்து கப்பல் தாமதமானால் நன்றாயிருக்குமே என்று ஒரு நாள் நினைத்தேன். நினைத்துவிட்டு, அதிலிருக்கிற மாலுமிகளை எண்ணி எனக்கு நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

தீவு அம்மாளும் அதே செயலியை வைத்திருந்தார். எனக்குத் தினமும் படம் அனுப்புவார். "இலங்கையைத் தாண்டிவிட்டது!" "கப்பல் மாறியாயிற்று, நம் பெட்டி பத்திரம்!" வானொலியில் வாராவாரம் கப்பல் எங்கே வந்திருக்கிறது என்று சொல்கிறாராம், பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவர் வரைபடத்தில் குறிக்கிறார்களாம். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைப்பேன்.

வீட்டில் கணவர் கேட்டார். "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" "ஒண்ணுமில்லங்க, கேஸ்ட்ரிக்" என்றேன். அவர் பாவம், ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பொய் சொல்லி வாங்கிக் குடித்த ஓமத்தண்ணீர் மாதிரி கசப்பு உலகத்தில் இல்லை.

கடைசியில் என்னைப் பிடித்தது எங்கள் கிடங்கு சூப்பர்வைசர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், இங்கே இருபது வருடம், கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறார். நான் அண்ணே என்பேன், அவர் ஒரு சமயம் மேடம் என்பார், ஒரு சமயம் தங்கச்சி என்பார், சரக்கு எப்படி வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து. ஏதோ கையெழுத்துக்காகக் கிடங்குக்குப் போனவள், தப்பான இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரே காகிதத்தில் இரண்டு தடவை.

"என்ன தங்கச்சி, ஒரு மாசமா பேயறஞ்ச மாதிரி திரியிறீக?"

சொல்லிவிட்டேன். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவில் கத்திக் கத்திச் சொன்னேன். ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்ததில் இன்னும் அழுகை வந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சொல்லாம வச்சிருந்தா பெட்டிக்குள்ள நம்பரு தானா மாறிக்கிருமா? நான்ல அந்தப் பெட்டிய ஏத்தினேன், அப்பவே சொல்லியிருந்தா வேற அடிச்சு பிளைட்ல அனுப்பியிருக்கலாம்ல?" என்று ஒரு பாட்டம் திட்டினார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "மொத்தமுமே தப்பா?" என்றார். "வெங்காய லோடு நனைஞ்சு வந்தா முழுசையுமா கடல்ல கொட்டுறோம்? பிரிச்சுப் போட்டு, தேறுனத எடுக்கிறோம்ல. இதுல எம்புட்டுத் தேறும்னு பாத்தீகளா?"

நான் பார்த்திருக்கவில்லை. முப்பது நாள் கப்பலைப் பார்த்தேனே தவிர எண்களைப் பார்க்கவில்லை. என் மேசைக்கு ஓடினேன். பதினான்காம் பக்கத்துக் கணக்கை எக்செல்லில் போட்டு இருபதாயிரம் எண்களையும் இறக்கினேன். சரியானதற்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு. பச்சை வந்தது. ஒவ்வொரு பத்திலும் மிகச் சரியாக ஒன்று. கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஓடும்போது ஏதோ ஒன்று சரியாக அமைந்துதானே ஆக வேண்டும். இருபதாயிரத்தில் இரண்டாயிரம் தேறும்.

மறுநாள் காலை கார் லிஃப்டில் வைத்துத் தீவு அம்மாளைக் கூப்பிட்டேன். எங்களுக்குக் காலை ஆறரை என்றால் அவர்களுக்கு மதியம் இரண்டரை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு தூங்குவது போல் பாவனை செய்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பில் புத்தகம், பதினான்காம் பக்கம், பத்துக்கு ஒன்று. ஷார்ஜா நெரிசலில் எங்கள் வண்டி நின்றிருந்தது.

"நல்லவை எத்தனை?" என்றார்.

"இரண்டாயிரம்."

"சில மாதங்களுக்குப் போதும். பட்டியலை அனுப்பு."

"அனுப்புகிறேன். இதை... தயவுசெய்து இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். எங்கள் ஆபீசுக்குத் தெரிந்தால்..."

"பட்டியலை அனுப்பு" என்றார் மறுபடி. வைத்துவிட்டார்.

அனுப்பினேன். அச்சிட்டால் பல பக்கம் வரும். அவர்களிடம் லேபிள் சுருள் சுருளாக இருக்கும். பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, ஒன்பதைப் பேனாவால் அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நானே அங்கே போய் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. செய்யப்போவது இரண்டு குமாஸ்தாக்களும் அவரும்.

கண்டெய்னர் போய்ச் சேர்ந்தது. சுங்கத்திலிருந்து வெளியே வந்தது அந்த முதல் திங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டே அவருக்குச் செய்தி அனுப்பினேன், "லேபிளைப் பற்றி யாராவது கேட்டார்களா?" பதில் இல்லை. ஞாயிறு, "திட்டக்காரர்கள் யாராவது அங்கே வந்திருக்கிறார்களா?" திங்கள் காலை வண்டியில் ஏறியதும், "எல்லாம் சரியா? யாரும் எதுவும் கேட்கவில்லையே?" ஜெபல் அலி வந்து இறங்கும்போது இன்னொரு தடவை.

ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. அங்கே மாலை ஐந்து. ஆங்கிலத்தில் நீளமாக எழுதாதவர் அன்று எழுதியிருந்தார்.

"யாராவது கேட்டார்களா என்று நான்கு முறை கேட்டுவிட்டாய். யாரும் கேட்கவில்லை. பார்சல்கள் போயினவா என்று நீ ஒரு முறைகூடக் கேட்கவில்லை."

படித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். யாரும் பார்க்காத அவமானம். முப்பத்தொரு நாள் நான் பட்ட பாட்டில் அந்தப் படகுகள் எத்தனை நாள் இருந்தன என்று யோசித்தேன். முதல் நாள் இருந்தன. பிறகு என் விசாவும் என் மகளின் பரீட்சையும் என் பெயரும் மட்டும்தான் இருந்தன.

"போயினவா?" என்று எழுதினேன்.

"ஐம்பது பேர் வந்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து சுருள்களைப் பிரித்தோம், பாதி கூட முடியவில்லை. பிரித்தவற்றிலும் நல்லதும் கெட்டதும் கலந்துபோய், ஒவ்வொரு லேபிளையும் பட்டியலில் தேடி எடுத்து ஒட்ட வேண்டியதாயிற்று. கடல் நீர் இறங்குவதற்குள் படகுகள் கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் பவளப் பாறையைத் தாண்ட முடியாது. நாற்பத்தொரு பார்சல் போயிற்று. ஒன்பது பேர் பார்சலோடு திரும்பிப் போனார்கள். ஒருத்தி ஏழு மணி நேரம் வந்தவள். வெளிநாட்டில் அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்குப் படுக்கப் பாய் பின்னிக் கொண்டுவந்தாள். வாங்கிப் பார்த்தேன், எண்ணூறு கிராம். விட்டுவிட்டுப் போ, நாளை அனுப்புகிறேன் என்றேன். இரண்டு தடவை இங்கே விட்டுப் போனதுதானே திரும்பி வந்தது என்று சொல்லி, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்."

டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். பத்தடிதான். அவர் திட்டத்தின் நிறைவுக் கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொடிக்கும் எதிரே பச்சை டிக். லேபிளுக்கும் ஒரு டிக் இருந்தது.

டப்பாவை மேசையில் வைத்தேன்.

"என்ன, சாப்பாடா?" என்றார்.

மூடியைக் காட்டிச் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. கடைசிவரை கேட்டார். அவர் அப்படி ஒரு விஷயத்தைக் கடைசிவரை கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஒப்புதல் கையெழுத்து யாருடையது?"

"என்னுடையது."

அது சுலபமாக வந்தது. அடுத்த கேள்விக்கு லேபிளைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

"உனக்கு எப்போது தெரியும்?"

"கப்பல் கிளம்பிய மறுநாள்."

அவர் ஸ்லைடைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தவில்லை. போனை எடுத்துத் திட்டக்காரர்களைக் கூப்பிட்டு, லேபிளில் தவறு, புதிதாக அடித்து விமானத்தில் அனுப்புகிறோம் என்றார். அவர்கள் "சரி" என்று சொன்னது எனக்கே கேட்டது.

எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் கிடைத்தது. ஒரே ஒரு பக்கம், அதில் என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. வேலை போகவில்லை, விசா போகவில்லை, கேக்கும் வெட்டவில்லை. நான் இத்தனை நாள் நடுங்கியது இந்த ஒரு பக்கத்துக்கு.

திருநெல்வேலி அண்ணாச்சி, நான் அனுப்பிய புதுப் பட்டியலை வைத்து இரண்டே நாளில் அச்சடித்தார். கிடங்கு அண்ணன் தன் கையால் பெட்டி கட்டி, இந்தத் தடவை ஒவ்வொரு சுருளிலும் பத்து லேபிளை என்னை ஸ்கேன் செய்ய வைத்துவிட்டுத்தான் டேப் ஒட்டினார். துபாயிலிருந்து விமானம், அங்கிருந்து இன்னொன்று, அந்தத் தீவுக்கு வாரம் இரண்டு முறை போகிற சின்ன விமானம். எல்லாம் சேர்ந்து எட்டு நாள் ஆயிற்று.

பெட்டி வந்துவிட்டது என்று தீவு அம்மாள் எழுதியபோது நான் முதலில் கேட்டது பாயைப் பற்றி. அந்தப் பெண்ணுக்கு வானொலியில் செய்தி சொல்லியிருக்கிறாராம். அவள் இன்னும் வரவில்லை.